ஏழாம் வருடத்து லாக் புக்கைக் காட்டச் சொல்லுங்கள்

தண்ணீர் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி இது. பவானிக் கரையில் ஒரு நகராட்சி, மணல் வடிகட்டிக்குப் பதிலாக மெம்பரேன் (நுண்துளைச் சவ்வு) வைத்துக் குடிநீர் நிலையம் கட்ட யோசிக்கிறது என்று போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு மேட்டுப்பாளையத்திலிருந்து தாராபுரம் வரைக்கும் கடிதம் வந்துவிட்டது. பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்தான்: "இது எத்தனை வருடம் தாங்கும்?" முதலில் மணல் படுகை, அப்புறம் திருப்பூர்ப் பக்கம் சாயக் கழிவு ஆர்.ஓ., கடைசியில் நகராட்சிக் குடிநீர் மெம்பரேன் என்று முப்பது வருடம் இந்த வேலையில் கிடந்தவன், அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ.வும் நகராட்சி வைக்கப்போகும் மெம்பரேனும் ஒன்றுதானுங்களா? ஒன்று என்றால் ஊருக்கு வருகிற தண்ணீரில் பாதி ரிஜெக்ட் ஆகிச் சாக்கடைக்குத்தானே போகும்?
*– ஓய்வு பெற்ற ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்*

ஒன்று இல்லைங்க. பெயர்தான் ஒன்று. ஆற்றுத் தண்ணீருக்கு நகராட்சிகள் வைப்பது அல்ட்ரா ஃபில்ட்ரேஷன், சுருக்கமாக யு.எஃப். சேமியா மாதிரி வெள்ளையாக, நடுவில் துளையுள்ள மெல்லிய குழல்கள் ஆயிரக்கணக்கில் ஒரு பெரிய பைப்புக்குள் கட்டாக நிற்கும், முனைகளை எபாக்ஸி ஊற்றி இறுக்கியிருப்பார்கள். அந்தக் குழலின் சுவர்தான் மெம்பரேன். சுவரில் உள்ள துளைகள் 0.02, 0.04 மைக்ரான் அளவு, அதாவது நம் தலைமுடியின் பருமனில் ஆயிரக்கணக்கில் ஒரு பங்கு. சேறு, பாசி, பாக்டீரியா எல்லாம் வெளியே நின்றுவிடும், வைரஸிலும் பெரும்பகுதி நிற்கும். ஆனால் கரைந்த உப்பு அப்படியே உள்ளே போய்விடும். உப்பைப் பிரிப்பது ஆர்.ஓ.வின் வேலை, அதற்கு அழுத்தமும் கரண்ட்டும் பல மடங்கு வேண்டும், ரிஜெக்ட்டும் வரும்.

பவானியிலும் சிறுவாணியிலும் உப்பு ஒரு பிரச்சினையே இல்லை. அங்கே பிரச்சினை கலங்கலும் கிருமியும்தான், அதற்கு யு.எஃப். போதும். உள்ளே போகிற 100 லிட்டரில் 90, 95 லிட்டர் குடிநீராக வெளியே வரும். மீதி, மெம்பரேனைக் கழுவுகிற தண்ணீர். அதையும் தெளியவிட்டுத் திரும்ப முன்னால் சேர்க்கிற நிலையங்கள் உண்டு.

சாயப்பட்டறை ஆர்.ஓ. நிலையத்தில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். எங்களுக்கு மெம்பரேன் இரண்டு வருடம், போனால் மூன்று வருடம். நகராட்சிக்கு வந்து "பத்து வருடம் வரும்" என்று ஒரு கம்பெனிக்காரர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நம்பலாமா?
*– சாய ஆலை மேற்பார்வையாளர், திருப்பூர்*

உங்கள் சந்தேகம் நியாயமானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்கு அப்புறம் மெம்பரேனோடு மல்லுக்கட்டிப் பழகிய ஊர் உங்கள் ஊர். இதைப் பற்றித் திருப்பூர்க்காரருக்குத் தெரிந்த அளவு வேறு ஊர்க்காரருக்குத் தெரியாது.

ஆனால் உங்கள் மெம்பரேன் சாப்பிடுவது வேறு சாப்பாடு. உப்பு, சாயம், சிலிகா, கடினத்தன்மை எல்லாம் சேர்ந்த கழிவு அது. அதிலும் பாய் சுருட்டின மாதிரி சுருட்டி வைத்த ஸ்பைரல் மெம்பரேனைப் பின்பக்கமிருந்து தண்ணீர் அடித்துக் கழுவ முடியாது. குளோரினும் காட்டக் கூடாது, அதன் பாலிஅமைடு பிளாஸ்டிக் தோல் வெந்துபோகும். குளோரின் இல்லாததால் பாசி பிடிக்கிறது, பாசி பிடித்ததால் கெமிக்கல் வாஷ், அடிக்கடி வாஷ் செய்வதால் ஆயுசு குறைகிறது. நீங்கள் தினமும் பார்க்கிற சுற்றுதான் இது. (ஆர்.ஓ. மெம்பரேனுக்கே 1960 ஒட்டிக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அடித்தளம் போட்ட இருவரில் ஒருவர் சீனிவாச சௌரிராஜன், நம் நாட்டிலிருந்து போனவர். உங்கள் ஆலைப் பையன்களுக்கு அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.)

யு.எஃப். குழலைப் பின்பக்கமிருந்து அடித்துக் கழுவலாம். 30, 40 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் போல பேக்வாஷ் தானாக ஓடும். பெரும்பாலும் பி.வி.டி.எஃப். அல்லது பி.ஈ.எஸ். என்கிற பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள், இரண்டும் ஓரளவு குளோரின் தாங்கும். வருகிறது ஆற்றுத் தண்ணீர். அதனால் ஏழிலிருந்து பத்து வருடம் என்பது நடக்காத கதை இல்லை. பிரான்ஸில் அமோன்கூர் என்ற ஊரில் 1988லேயே யு.எஃப். குடிநீர் நிலையம் வந்துவிட்டது, இது நேற்று வந்த சரக்கும் இல்லை.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். மெம்பரேன் பல்பு மாதிரி ஒருநாள் பட்டென்று போவதில்லை. ஒவ்வொரு கழுவலுக்கும் கொஞ்சம் அழுக்கு உள்ளேயே தங்கிவிடும். பேக்வாஷில் போகாதது ஹைப்போ என்கிற குளோரின் கரைசலில் போகும், அதிலும் போகாதது காஸ்டிக் சோடாவிலும் சிட்ரிக் ஆசிடிலும் போகும், அதிலும் போகாதது போகவே போகாது. அந்தப் போகாத பங்கு வருடத்துக்கு எவ்வளவு சேர்கிறது என்பதில்தான் ஐந்து வருடமா பத்து வருடமா என்பது இருக்கிறது. அதோடு, பேக்வாஷ் 40 நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 36, வருடத்துக்கு 13,140, பத்து வருடத்தில் 1,31,400. அத்தனை முறை அந்தச் சேமியாக் குழல் உப்பி ஆடி அடங்குகிறது. வால்வு சட்டென்று மூடி தண்ணீர் 'டமார்' என்று முட்டினால் எபாக்ஸியை ஒட்டின இடத்தில்தான் முதலில் அறும். வால்வை மெதுவாக மூட வைக்கிற ஒரு சின்னத் திருத்தம் சில வருட ஆயுசைக் கூட்டும். இதைக் கம்பெனிக்காரர் கேட்டாலொழியச் சொல்ல மாட்டார்.

நகர்மன்றக் கூட்டத்தில் மெம்பரேன் நிலையத்துக்குத் தீர்மானம் வருகிறது. நான் படித்தது பன்னிரண்டாவது. "ஒரு கோடி லிட்டர், அதிநவீனம், கண்ணாடி மாதிரி தண்ணீர்" என்று படம் போட்டுக் காட்டினார்கள். நான் என்ன கேட்கணுங்க?
*– நகர்மன்ற உறுப்பினர், பவானிக் கரை*

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இப்படிக் கேட்க ஒரு ஆள் இருந்தாலே அந்த ஊருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் அந்தக் கண்ணாடித் தண்ணீரை ஒதுக்கி வையுங்கள். புது மெம்பரேன் எந்தத் தண்ணீரைப் போட்டாலும் கண்ணாடியாகத்தான் தரும். தேய்ந்து போன மெம்பரேனும் கண்ணாடியாகத்தான் தரும், அளவுதான் குறையும். அதனால் தண்ணீரைப் பார்த்து நிலையத்தின் உடம்பு நிலைமையைச் சொல்லவே முடியாது.

நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஒரு சதுர மீட்டர் மெம்பரேன் வழியாக மணிக்கு எத்தனை லிட்டர் எடுக்கப் போகிறீர்கள்?" இதை ஃப்ளக்ஸ் என்பார்கள். கணக்கு சுலபம்தான், பேப்பரில் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு கோடி லிட்டர் என்றால் மணிக்குச் சுமார் 4,16,667 லிட்டர். சதுர மீட்டருக்கு 60 லிட்டர் எடுத்தால் 6,944 சதுர மீட்டர் மெம்பரேன் வேண்டும். 90 லிட்டர் எடுத்தால் 4,630 போதும். ஒரு மாட்யூல், அதாவது குழல் கட்டு உள்ள ஒரு பைப், 60 சதுர மீட்டர் என்று வைத்தால் முதலாமவருக்கு 116 மாட்யூல், இரண்டாமவருக்கு 78. டெண்டரில் யார் விலை குறைவு? 78 காரர்தான், எல் 1 என்று அவருக்கே போகும். ஆனால் ஒரே வேலையை மூன்றில் இரண்டு பங்கு ஆளை வைத்து வாங்கினால் என்ன ஆகும்? அழுக்கு வேகமாக அடைக்கும், கெமிக்கல் வாஷ் அடிக்கடி வேண்டிவரும், ஆடி மாதக் கலங்கலில் மூச்சு முட்டும், ஐந்தாவது வருடமே மாற்றச் சொல்வார்கள். மாடு வாங்கும்போது விலையை மட்டுமா பார்க்கிறோம், பல்லைப் பிடித்துப் பார்க்கிறோமே. மெம்பரேனுக்குப் பல் இந்த ஃப்ளக்ஸ்தான். டெண்டரிலேயே "இதற்கு மேல் எடுக்கக் கூடாது" என்று ஒரு எண்ணை எழுதச் சொல்லுங்கள், அதுவும் ஒரு மாட்யூல் வரிசையைக் கழுவ நிறுத்தியிருக்கும்போது மீதி வரிசைகள் எவ்வளவு இழுக்கும் என்பதையும் சேர்த்து.

இரண்டாவது, இதே கம்பெனி ஏழு வருடத்துக்கு முன்னால் கட்டின நிலையம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். நேரில் போங்கள். டைல்ஸையும் கட்டிடத்தையும் பார்க்க வேண்டாம், லாக் புக்கைக் கேளுங்கள். அதில் தேதி, எத்தனை லிட்டர் எடுத்தார்கள், மெம்பரேனுக்கு உள்ளும் வெளியும் அழுத்த வித்தியாசம் எத்தனை பார், தண்ணீர் எத்தனை டிகிரி, இந்த நாலும் இருக்கணும். சதுர மீட்டருக்கு 60 லிட்டரை 0.4 பார் அழுத்தத்தில் எடுத்தால் 60ஐ 0.4ஆல் வகுங்கள், 150. அதே 60க்கு மூன்றாவது வருடம் 0.6 பார் கொடுக்க வேண்டியிருந்தால் 100. இது கெமிக்கல் வாஷுக்கு முன்னால் உள்ள எண். வாஷ் செய்த மறுநாள் 140 வந்தால் சந்தோஷம், 110தான் வருகிறது என்றால் போகாத அழுக்கு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். வாஷுக்கு மறுநாள் எண்களை மட்டும் தேதி வாரியாக ஒரு கோடாகப் போட்டால் அந்த நிலையத்தின் ஜாதகமே தெரிந்துவிடும். எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அவ்வளவு சீக்கிரம் மாற்ற வேண்டிவரும்.

தண்ணீர் எத்தனை டிகிரி என்பதை ஏன் சேர்த்தேன் என்றால், 20 டிகிரித் தண்ணீரை விட 30 டிகிரித் தண்ணீர் சுமார் 20 சதவீதம் இலகுவாக ஓடும். சித்திரை வெயிலில் ஆற்றுத் தண்ணீர் சூடாகும்போது மெம்பரேன் தானாகத் தேறின மாதிரி தெரியும், மார்கழியில் திடீரென்று கெட்ட மாதிரி தெரியும். இரண்டும் கண்கட்டு. எல்லா எண்ணையும் 20 டிகிரிக்கு மாற்றி எழுதினால்தான் கோடு உண்மை பேசும். எழுதவில்லை என்றால் அங்கே யாரும் அந்தக் கோட்டைப் பார்ப்பதே இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, பணம். நான் பார்த்த ஒப்பந்தங்களில் பராமரிப்பு பெரும்பாலும் ஐந்து வருடம். மெம்பரேன் மாற்ற வேண்டி வருவது ஏழிலிருந்து பத்துக்குள். அதாவது ஒப்பந்தக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு செலவு ஊர் தலையில் விழும். ஒரு நகராட்சியில் இதை என் கண்ணால் பார்த்தேன். கட்டும்போது கோடிக்கணக்கில் வந்த பணம் மாற்றும்போது வரவில்லை. இரண்டு வரிசையைக் கழற்றி மற்ற வரிசைகளுக்கு உதிரியாகப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள், மீதி வரிசைகள் இரட்டைச் சுமையில் இன்னும் வேகமாகத் தேய்ந்தன. அங்கே இருந்த ஆபரேட்டர்கள் நல்ல உழைப்பாளிகள், அவர்கள் கையில் எதுவும் இல்லை. அதனால் முதல் வருடத்திலிருந்தே மாற்றுவதற்கென்று தனிக் கணக்கில் பணம் ஒதுக்கத் தீர்மானம் போடுங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தை மெம்பரேன் ஆயுசுக்கு ஒட்டிப் பத்து வருடமாக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் கட்டுகிறவருக்கே 116 மாட்யூல் வைக்கத் தோன்றும், ஏனென்றால் அடைத்தால் கழுவப் போகிறவர் அவர்தான்.

கியாரண்டி என்று ஒரு தாள் காட்டுவார்கள். பத்து வருடக் கியாரண்டியில் ஆறாவது வருடம் போனால் முழு மெம்பரேன் சும்மா தருவதில்லை, மீதி வருடங்களுக்கான பங்கைத்தான் கழிப்பார்கள், அதுவும் லாக் புக் ஒழுங்காக இருந்தால். நாலாவதாக, அந்த மாட்யூலின் அளவு அந்தக் கம்பெனிக்கு மட்டும் உரியதா, வேறு கம்பெனி மாட்யூலும் அதே ஸ்டாண்டில் உட்காருமா என்று கேளுங்கள். பத்து வருடத்தில் கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிடலாம், அப்போது பைப்பையும் ஸ்டாண்டையும் சேர்த்து உடைக்க வேண்டிவரும்.

இவ்வளவும் கேட்டால் "அம்மா எதிர்க்கிறார்" என்று பேசுவார்கள். பேசட்டும். மெம்பரேன் நல்ல தொழில்நுட்பம், நம் ஊருக்கு வர வேண்டியது, அதனால்தான் இவ்வளவு கேட்கச் சொல்கிறேன்.

மழைக்காலத்தில் ஆறு செம்மண் கரைத்த மாதிரி வருகிறது. பில்லூர் அணையில் திறந்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் தண்ணீரே மாறிவிடுகிறது. எங்களிடம் இருப்பது சின்ன யு.எஃப். நிலையம். பிரஷர் ஏறிக்கொண்டே போகும்போது சேற்றைத் திரட்ட ஆலத்தை (படிகாரத்தை) கூட்டுவதா, பாலிமர் போடுவதா?
*– ஆபரேட்டர், மேட்டுப்பாளையம் பக்கம்*

பாலிமரைக் கையில் எடுக்காதீங்க. இதை அனுபவப்பட்டுச் சொல்கிறேன். ஒரு நிலையத்தில் இப்படி ஒரு ராத்திரி, கிளாரிஃபையரில் (சேறு படியவைக்கிற தொட்டி) தெளியவே இல்லை என்று பாலிமரை அள்ளிப் போட்டோம். கிளாரிஃபையர் அழகாகத் தெளிந்தது. மிச்சமான பாலிமர் நேராகப் போய் மெம்பரேன் மேல் கோந்து தடவின மாதிரி ஒட்டிக்கொண்டது. விடிகாலை நாலு மணிக்கு டார்ச் அடித்து பிரஷர் கேஜைப் பார்க்கிறேன், முள் ராத்திரி இருந்த இடத்துக்கு இரண்டு மடங்கில் நிற்கிறது. மாட்யூலின் மூடியைக் கழற்றிக் குழலைத் தொட்டால் வெண்டைக்காய் வழவழப்பு. காஸ்டிக்கும் ஹைப்போவும் போட்டு மூன்று தடவை ஊறவைத்தும் பழைய எண் திரும்பவே இல்லை. ஒரு ராத்திரியில் அந்த மெம்பரேனின் ஒரு வருடத்தைத் தின்றுவிட்டோம். ஆலம் போட்டது நாங்கள், பாலிமர் போட்டது நாங்கள், இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. கலங்கல் ஏறுகிறது என்று தெரிந்ததும் முதலில் எடுக்கிற அளவைக் குறையுங்கள். மேல்தொட்டி நிறைய இருந்தால் ஒரு சில மணி நேரம் நிறுத்தியே வையுங்கள், முதல் செந்தண்ணீர் போகட்டும். அணையில் திறக்கிற தகவல் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது, அதற்கு முன்னாலேயே தொட்டியை நிரப்பிக்கொள்ளலாம். பேக்வாஷ் இடைவெளியை 40 நிமிடத்திலிருந்து 20, 25க்குக் கொண்டுவாருங்கள். ஆலத்தை ஜார் டெஸ்ட் பார்த்துப் போடுங்கள், ஆறு பீக்கரில் கலக்கி எதில் தெளிகிறது என்று பார்க்க அரை மணிதான் ஆகும். கண் கணக்கில் கூட்டினால் மிச்ச அலுமினியம் மெம்பரேனில் போய் உட்காரும்.

சேற்றை விடப் பொல்லாதது எது தெரியுமா? மழை முடிந்து தண்ணீர் தெளிந்து, பச்சைப் பாசி வருகிற காலம். சேறு வெளியே ஒட்டும், பேக்வாஷில் போகும். பாசி விடுகிற வழவழச் சாறு துளைக்குள்ளேயே போய் உட்காரும். தண்ணீர் தெளிவாக இருக்கிறதே, பிரஷர் ஏன் ஏறுகிறது என்று அப்போது குழம்புவீர்கள். அப்போதும் கொஞ்சம் ஆலம் தேவை, நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. சிட்ரிக் ஆசிட் வாஷும் ஹைப்போ வாஷும் ஒரே நாளில் செய்தால் நடுவில் நன்றாக அலசிவிடுங்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடின ரூமில் ஆளையே சாய்த்துவிடும். வாஷ் தொட்டிக்கு இரண்டு தனித்தனி வாளி, தனித்தனி நிறம் வையுங்கள்.

ஆயிரக்கணக்கான குழலில் ஒன்று அறுந்தால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? ஒன்றே ஒன்றுதானே, விட்டால் என்ன?
*– பாலிடெக்னிக் மாணவி, பெருந்துறை*

நல்ல கேள்வி கண்ணு. சைக்கிள் டியூப் பஞ்சர் பார்க்கிற வித்தைதான். மெம்பரேனின் ஒரு பக்கத்தில் தண்ணீரை வடித்துவிட்டுச் சுமார் ஒரு பார் அழுத்தத்தில் காற்றை அடைத்து, வால்வை மூடி, ஐந்து பத்து நிமிடம் கேஜைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஈரமான நுண்துளை வழியாகக் காற்று போகாது, துளைக்குள் நிற்கிற தண்ணீரைத் தள்ள இதைப் போலப் பல மடங்கு அழுத்தம் வேண்டும். குழல் அறுந்திருந்தால் மட்டும் காற்று அந்த வழியாக ஓடும், கேஜ் முள் இறங்கும். எந்த மாட்யூல் என்று தெரிய, மேலே இருக்கும் கண்ணாடிக் குழாயில் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு அந்த மாட்யூலைக் கழற்றி, வெட்டு முனையில் கொஞ்சம் தண்ணீர் நிற்கவைத்து வெளிப்பக்கம் காற்று கொடுத்தால், ஆயிரக்கணக்கான புள்ளிகளில் ஒரே ஒரு புள்ளியிலிருந்து 'குபுக் குபுக்' என்று குமிழி வரும். முதல் தடவை பார்க்கும்போது அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். அதில் ஒரு சின்ன ஊசியைச் செருகி அடைத்துவிட்டால் முடிந்தது.

விட்டால் என்ன என்று கேட்டாய். அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் 1993இல் கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிர் குடிநீரில் கலந்து சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அது மெம்பரேன் நிலையம் இல்லை, மணல் வடிகட்டி நிலையம். இந்த உயிருக்கு ஓடு கெட்டி, நாம் போடுகிற குளோரின் ஒன்றும் செய்யாது. அன்றைக்கு நிலையத்திலிருந்து போன தண்ணீரின் கலங்கல் 1.7 என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு) வரைக்கும் ஏறியிருந்தது. நம் நாட்டுக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 என்ன சொல்கிறது? 1க்குள் இருக்கணும், வேறு தண்ணீர் கிடைக்காதபோது 5 வரைக்கும் பரவாயில்லை. அதாவது கண்ணுக்கு நல்ல தண்ணீர் போலவே இருக்கும். மெம்பரேன் பக்கம் உலகம் திரும்பியதற்கு மில்வாக்கி ஒரு பெரிய காரணம். அந்த உயிரின் அளவு 4, 5 மைக்ரான், யு.எஃப். துளைக்குள் நுழையவே முடியாது, அறுந்த குழல் வழியாக மட்டும்தான் வரும். அதனால்தான் அமெரிக்காவில் மெம்பரேனை நம்பி நடத்தும் நிலையங்கள் தினமும் இந்தக் காற்றுச் சோதனையைச் செய்யணும் என்று விதி.

வருடத்துக்கு எத்தனை ஊசி செருகினோம் என்பதையும் எழுதிவைக்கணும். முதல் சில வருடம் ஒன்றிரண்டு, எட்டாவது வருடம் மாதத்துக்கு ஐந்தாறு என்று வந்தால் பிளாஸ்டிக் விறைத்து நொறுங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். குளோரின் அளவையும் ஊறின மணி நேரத்தையும் பெருக்கிக் கூட்டிக்கொண்டே வந்தால் அந்த முடிவு முன்கூட்டியே தெரியும். 200 பி.பி.எம்., 5 மணி நேரம் என்றால் 1,000. மொத்தம் எவ்வளவு தாங்கும் என்று தயாரிப்பாளர் ஒரு எண் தருவார். கல்லூரி புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடுகிறாய் என்றால் இதையே எடு.

தோட்டத்துப் போர்த் தண்ணீர் உப்பு. ஊராட்சிக்கு யு.எஃப். வைத்தால் குடிக்க ஆகுமா?
*– விவசாயி, தாராபுரம்*

ஆகாதுங்க. உப்பும் ஃபுளோரைடும் அப்படியே வந்துவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடுக்காகத்தான் ஒகேனக்கல் காவிரித் தண்ணீரையே கொண்டுபோனார்கள், 2013இல் அது ஓட ஆரம்பித்தது. உங்கள் ஊராட்சிக்கும் ஆற்றுத் தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள். வழியே இல்லை என்றால் ஆர்.ஓ., ஆனால் ரிஜெக்ட்டைக் கிணற்றில் விட்டுவிடாதீர்கள்.

நாங்கள் சிறுவாணித் தண்ணீர். நகராட்சி மெம்பரேன் வைத்தால் வீட்டு ஃபில்டரைக் கழற்றிவிடலாமா? குளோரின் வாடையும் போய்விடுமா?
*– குடும்பத் தலைவி, கோயம்புத்தூர்*

சிறுவாணிக்கு வீட்டில் ஆர்.ஓ. எப்போதுமே தேவைப்பட்டதில்லைம்மா, அந்த ருசியை எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடிப்பானேன். குளோரின் மட்டும் போகாது, போகவும் கூடாது. மெம்பரேன் நிலையத்தின் வாசலோடு நின்றுவிடும். அங்கிருந்து உங்கள் வீடு வரைக்கும் பழைய பைப், அதிலும் நாலு நாளைக்கோ பத்து நாளைக்கோ ஒருமுறை தண்ணீர் விடுகிற ஏரியாவில், வெறும் பைப் பக்கத்துச் சாக்கடைக் கசிவை உள்ளே இழுக்கும். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும் என்பது அதற்காகத்தான். வாடை பிடிக்கவில்லை என்றால் பாத்திரத்தில் பிடித்து ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள்.

போன கோடையில் ஆற்றில் தண்ணீர் இல்லாமல் எங்கள் நிலையத்தை இரண்டு மாதம் நிறுத்திவிட்டோம். திரும்ப ஓட்டினால் பாதி அளவுகூட வரவில்லை. மெம்பரேன் புதுசு, இரண்டாவது வருடம்தான். என்ன தப்பு செய்தோம்?
*– பேரூராட்சிப் பணியாளர், ஈரோடு மாவட்டம்*

தண்ணீரை வடித்துவிட்டு ரூமைப் பூட்டிவிட்டுப் போயிருப்பீர்கள், அதுதான் தப்பு. மணல் படுகை காய்ந்தால் ஒன்றும் ஆகாது, திரும்பத் தண்ணீர் விட்டால் போதும். மெம்பரேன் காயவே கூடாது. காய்ந்தால் துளை சுருங்கி ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் பட்டாலும் திறக்காது. தண்ணீரோடு சும்மா விட்டாலும் ஆபத்து, உள்ளே பாசியும் பாக்டீரியாவும் வளரும்.

ஓரிரு நாள் நிறுத்தினால் தினமும் அரை மணி ஓட்டி, ஒரு பேக்வாஷ் கொடுத்தால் போதும். வாரக்கணக்கில் என்றால் கெமிக்கல் வாஷ் செய்து நன்றாக அலசி, தயாரிப்பாளர் சொல்கிற அளவில் சோடியம் பைசல்ஃபைட் கரைசலை நிரப்பி வால்வுகளை எல்லாம் மூடி வையுங்கள். அந்தக் கரைசல் நாளாக ஆகப் புளித்துப்போகும், மாதம் ஒருமுறை பி.எச். பார்த்து மாற்றணும். திரும்ப ஓட்டுவதற்கு முன் முழுக்க அலசி, காற்றுச் சோதனை பார்த்து, முதல் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு அப்புறம்தான் மேல்தொட்டிக்கு.

உங்கள் மெம்பரேனை உடனே தூக்கிப் போட வேண்டாம். தயாரிப்பாளரிடம் ஈரப்படுத்துகிற முறையைக் கேளுங்கள். சில வகைகளை ஆல்கஹால் கரைசலில் ஊறவைத்தால் ஓரளவு திரும்பும். ஒரே ஒரு மாட்யூலில் செய்து பாருங்கள், செய்வதற்கு முன் ஒரு எண், செய்த மறுநாள் ஒரு எண், இரண்டையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அதை வைத்துப் பேசுவோம்.